4-இல் மறைந்து 6-இல் திரும்பிய பி53: தப்பு என்னுடையதா?

ஹெப்பாள்_ஆட்டோ:
பெங்களூரில் முனைவர் பட்டம், மூன்றாவது வருடம். எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்று) செல்களுக்கு 5 கிரே காமா கதிர் கொடுத்தேன். எங்களிடம் கருவி இல்லை. ஊரின் மறுகோடியில் கொடுத்துவிட்டு, வெந்நீர்ப் பை வைத்த தெர்மகோல் பெட்டியை மடியில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் சோதனை) 2 மணி நேர லேனில் பி53, டி.என்.ஏ சேதமானால் குவியும் காவல் புரதம், பளிச்சென்று இருக்கிறது, 4-இல் ஏறக்குறைய இல்லை, 6-இல் மறுபடி வந்துவிட்டது. படம் கீழே. கைடு "லோடிங் தப்பு" என்கிறார், அதாவது லேன்களில் புரதத்தைச் சமமாக ஊற்றவில்லையாம். அளவு ஒப்பிடப் பார்க்கும் ஆக்டின் புரதம் எல்லா லேனிலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது! 4-இல் டி.என்.ஏ சரியாகிவிட்டதென்றால், 6-இல் எதற்கு வருகிறது?

கோரமங்களா_வாசி:
ஆன்டிபாடி எத்தனை தடவை உருகி உறைந்தது? எனக்கு அதிலேயே ஒரு மாதம் போனது.

செல்_அக்கா:
ஆன்டிபாடி கெட்டிருந்தால் எல்லா லேனிலும்தான் கெடும். நீங்கள் பார்த்தது அலை.

டி.என்.ஏ-யின் இரண்டு இழைகளும் அறுந்ததும் ஏடிஎம் என்ற நொதி விழித்துக்கொண்டு பி53-க்குப் பாஸ்பேட் ஒட்டுகிறது. வழக்கமாக பி53-ஐப் பிடித்துச் சிதைக்க அனுப்பும் எம்டிஎம்2 என்ற புரதத்தின் பிடி நழுவ, பி53 குவிகிறது. அது பி21-ஐ எழுப்பிச் செல் பிரிவதை நிறுத்துகிறது, சரி. கூடவே எம்டிஎம்2 மரபணுவையும் அதுவே முடுக்கிவிடுகிறது! வளர்த்த கடா மார்பில் பாய்கிற கதை. விப்1 என்று இன்னொரு கடாவும் உண்டு, அது ஏடிஎம்மையே அணைக்கும். பி53 இறங்கியதும் இரண்டும் ஓய்கின்றன. அறுந்த இழை மிச்சமிருந்தால் ஏடிஎம் மறுபடி எழும், அடுத்த அலை வரும். உங்கள் செல்களில் ஓர் அலைக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். 2004-இல் உயிருள்ள தனிச் செல்களில் ஒளிரும் பி53-ஐப் படம்பிடித்தார்கள். கதிர் கூடக் கூட அலையின் உயரம் கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒன்று உறுத்துகிறது. 0 லேனிலேயே பட்டை தெரிகிறதே? கடிகாரத்தை எப்போது தொடங்கினீர்கள்?

ஹெப்பாள்_ஆட்டோ:
லேபுக்கு வந்து சேர்ந்ததும், அக்கா. மேம்பாலத்தில் மாட்டி, மொத்தம் ஒரு மணி நேரம்.

செல்_அக்கா:
அப்போ உங்கள் 4, உண்மையில் 5. பள்ளம் அங்கேதான் விழும். கதிர் படாத ஒரு ஃப்ளாஸ்க்கையும் அதே ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டி வாருங்கள், அதுதான் 0. அதே மெம்பிரேனில் (பட்டைகள் பதிந்த தாளில்) எம்டிஎம்2-வும் பாருங்கள், பி53-க்குச் சற்றுப் பின்னால் ஏறவேண்டும். மூன்றாவது அலையை மட்டும் பிளாட்டில் தேடாதீர்கள். அதற்குள் செல்கள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பிவிடும், சராசரிதான் மிஞ்சும்.

ஹெப்பாள்_ஆட்டோ:
மெம்பிரேனைக் கோபத்தில் நேற்றே குப்பையில் போட்டுவிட்டேன். லைசேட் (உடைத்த செல்களின் சாறு) கொஞ்சம் இருக்கிறது, நாளைக்கே ஓட்டுகிறேன்.