நம்பகத்தன்மை வேண்டாம், 'பிசகாமை' என்று போடுவோம்

அண்ணை, குளிர்காலக் கைத்துப்பாக்கிப் போட்டி பற்றிய கட்டுரைக்கு நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன். ரவை (தோட்டா), ரவைக்கூடு (ரவைகளை அடுக்கும் கூடு), வெற்றுக் கோது (சுட்டபின் மிஞ்சும் ஓடு) எல்லாம் சரி. வன்னியில் இதற்கெல்லாம் யாரும் அகராதி தேடமாட்டார்கள், ஏன் என்பது வேறு கதை. துப்பாக்கி இடையில் நிற்காமல் வேலை செய்வதற்கு (reliability) நீங்கள் போட்ட 'நம்பகத்தன்மை' மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

நம்பகம் ஆளைப் பற்றியது. சீட்டுப் பிடிக்கிறவர் நம்பகமானவரா என்று கேட்போம். வயலுக்கு இறைக்கிற பம்பை 'பிசகாமல் ஓடுதா' என்றுதான் கேட்போம். அதனால் பிசகாமை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குளிரில் எண்ணெய் தடித்து, துப்பாக்கியின் மேற்பகுதி பின்னுக்குப் போய்வருவது மந்தமாகிவிட்டால், வெளியே பறக்க வேண்டிய கோது வாசலிலேயே நட்டமாகச் சிக்கி நிற்கும். .22 என்ற சிறிய ரவையில் சன்னத்தின் (ரவையிலிருந்து பாய்ந்து போகும் குண்டின்) மேல் பூசியிருக்கும் மெழுகும் இறுகும். 25 மீற்றர் விரைவுச் சுடலில் 4 வினாடிக்குள் 5 ரவை தீர்க்க வேண்டிய சுற்றும் இருக்கிறது, அதற்குள் இப்படி நடந்தால் அந்தச் சம்பவத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? 'மூன்று நம்பகமின்மை' என்று எண்ண முடியாது. 'மூன்று பிசகு' என்று எண்ணலாம். குளிர்ப் பிசகு, கோதுப் பிசகு என்று பிள்ளைச் சொற்களும் வரும்.

கால் பிசகினாலும் பிசகுதானே, சுடுபவர் விடும் பிழையோடு குழம்பாதா என்று நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயம்தான். போட்டி விதியும் அந்த இடத்தில்தான் கோடு போடுகிறது: துப்பாக்கியின் கோளாறால் நின்றால் திரும்பச் சுட வாய்ப்பு உண்டு, சுடுபவரின் பிழையென்றால் இல்லை. அப்போ ஆள் விடுவது தவறு, கருவியில் வருவது பிசகு என்று இப்போதே பிரித்து வைத்துவிடலாம்.

அப்புறம், எண்ணெய் 'உறைந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். தை மாத விடியலில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாகக் கட்டிபட்டு, அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்குவார். அது உறைதல், 24 பாகை செல்சியசுக்குக் கீழே வந்தாலே போதும். துப்பாக்கி எண்ணெய் பனம்பாணி மாதிரித் தடிக்கும், அவ்வளவுதான். 'தடித்தல்' என்று மாற்றுங்கள்.

குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் உலோகத்தில் பிடிக்கும் ஈரத்துக்கு 'பனித்துளி' வேண்டாம். சோடாப் போத்தல் வேர்க்கிறது என்கிறோமே, 'வேர்வை' போதும். துடைக்காமல் திரும்ப வெளியே கொண்டுபோனால் அந்த வேர்வைதான் உறையும். உங்கள் 'உறைதல்' அந்த வரியில் இருக்கட்டும்.