வேர்ட் டெம்ப்ளேட்டில் மறைத்து வைத்த குறிப்புகள் வெளியாள் கணினியில் தெரிகின்றன: என்ன செய்வது?

செம்பூர் டைப்பிஸ்ட்:

வணக்கம். மும்பையில் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இங்கே பெரும்பாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் (வீட்டில் தங்க அனுமதி மட்டும் தரும் ஒப்பந்தம்) தான். வரைவை வேர்டில் தயாரித்து வீட்டுக்காரருக்கும் குடிவருபவருக்கும் மெயிலில் அனுப்புவோம். இருவரும் சரி என்றபிறகுதான் ஆன்லைன் பதிவு.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல டெம்ப்ளேட், குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ஷரத்துக்கும் மேலே நீல எழுத்தில் எங்களுக்கான குறிப்பு இருக்கும். "முத்திரைத் தீர்வை: மொத்த வாடகையில் 0.25 சதவீதம். திரும்பத் தரும் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்து அதையும் கூட்டிக்கொள்." "காலம் 60 மாதத்தைத் தாண்டினால் இந்தப் படிவம் வேண்டாம்." "பதிவு கட்டாயம், பொறுப்பு வீட்டுக்காரருக்கு: 1999 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிவு 55." இப்படி. புதிதாக வந்த எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்ததே இந்தக் குறிப்புகள்தான். அதனால் அழிக்க மனசில்லை.

இவையெல்லாம் மறைந்திருக்கும். மறைந்த குறிகளைக் காட்டும் ¶ பொத்தானை வேர்டில் அழுத்தினால் வரும், மறுபடி அழுத்தினால் போய்விடும். அவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு வீட்டுக்காரர் போன் செய்தார். "மூணாம் பக்கத்துல நீலத்துல என்னமோ இருக்கே, 'லாக்-இன் கேட்டு அடம் பிடித்தால் ஆறு மாதத்தில் நிறுத்து' என்று. யார் அடம் பிடிக்கிறது, நானா?" என்றார். லாக்-இன் என்பது இடையில் காலி செய்யக் கூடாத காலம். என்ன பதில் சொல்வது?

இன்னும் சில தொல்லைகள் உண்டு. அலுவலகத்தில் இரண்டு கணினி, ஒரே பிரிண்டர். ஒரு கணினியிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் குறிப்பும் சேர்ந்து அச்சாகிறது, மற்றதில் ஆகாது. குறிப்பு மறைந்த இடத்தில் சில ஷரத்துகளுக்கு நடுவே வெற்று வரி நிற்கிறது. ஃபைண்டில் "முத்திரைத் தீர்வை" என்று தேடினால் கிடைக்கவில்லை என்கிறது. வேர்ட் 2019. டெம்ப்ளேட் என்று நாங்கள் சொல்வது சாதாரண டாக்எக்ஸ் ஃபைல்தான். திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து, வேறு பெயரில் சேமிப்போம்.


மாட்டுங்கா ரோடு:

அந்த வீட்டுக்காரர் கணினியில் ¶ பொத்தான் அழுத்தியே இருந்திருக்கும். அது ஃபைலோடு போகிற அமைப்பு இல்லை, அவரவர் வேர்டில் இருப்பது. நீங்கள் இங்கே அணைத்து வைத்தால் அவர் வீட்டில் அணையாது.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். ¶ போட்டதும் எல்லாக் குறிப்புக்கும் அடியில் மெல்லிய புள்ளிக் கோடு ஓடுகிறதா?


செம்பூர் டைப்பிஸ்ட்:

பார்த்தேன் சார். நீலக் குறிப்புகள் எல்லாவற்றிலும் புள்ளிக் கோடு இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில், சொத்து விவர அட்டவணைக்குக் கீழே வெறும் இடம்போல் இருந்ததை மவுஸால் இழுத்துப் பார்த்தால் அங்கேயும் எழுத்து இருக்கிறது! அதற்குப் புள்ளிக் கோடு இல்லை.


மாட்டுங்கா ரோடு:

அது வெள்ளை எழுத்து. மறைத்தது இல்லை, வெள்ளைத் தாளில் வெள்ளை மை. அதை இப்போதே கையால் எடுத்துவிடுங்கள். மறைத்த எழுத்தைப் பிடிக்கும் கருவி எதுவும் அதைப் பிடிக்காது.


ஒயிட்ஃபீல்டு மேனுவல்காரர்:

பெங்களூரில் மென்பொருள் கையேடு எழுதுவது என் பிழைப்பு. இந்த வம்பில் தினமும் புரளுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று மனதில் பதியட்டும். வேர்டில் "ஹிடன்" என்பது போல்ட், இட்டாலிக் மாதிரி ஒரு எழுத்துப் பண்பு, அவ்வளவுதான். ஆள் வரும்போது துணிக் குவியலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோமே, அந்த ரகம். டாக்எக்ஸ் ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே "வேர்ட்" என்ற ஃபோல்டர், அதில் "டாக்குமெண்ட்" என்ற எக்ஸ்எம்எல் ஃபைல். உங்கள் லாக்-இன் குறிப்பு அதில் முழுசாக உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் "வேனிஷ்" என்று ஒரு சின்ன அடையாளத்தோடு. வேர்டே இல்லாதவர்கூடப் படித்துவிடலாம்.

அச்சு விஷயம் சுலபம். எந்தக் கணினியில் குறிப்பு அச்சாகிறதோ அதில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே போங்கள். கீழே அச்சுப் பகுதியில் "பிரிண்ட் ஹிடன் டெக்ஸ்ட்" டிக் ஆகியிருக்கும். எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் மேலே "ஹிடன் டெக்ஸ்ட்" என்று தனியாக ஒரு டிக் உண்டு. அது போட்டிருந்தால் ¶ அணைத்திருந்தாலும் மறைத்த எழுத்து திரையில் தெரியும். உங்கள் வீட்டுக்காரரிடம் இதுகூட இருந்திருக்கலாம்.

ஃபைண்ட் ஏன் கிடைக்கவில்லை என்கிறது? மறைத்த எழுத்து திரையில் தெரியாதபோது வேர்ட் அதைத் தேடாது. ¶ போட்டுவிட்டுத் தேடுங்கள், வரும்.

வெற்று வரிதான் நிறையப் பேரைப் படுத்துகிற இடம். பத்தியில் எழுத்து மட்டும் இல்லை, முடிவில் ¶ என்ற குறியும் ஒரு எழுத்துதான். உங்களுக்கு முன்னால் இருந்தவர் சில இடங்களில் வாக்கியத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மறைத்திருக்கிறார், குறியை விட்டுவிட்டார். வாக்கியம் போய்விட்டது, பத்தி அப்படியே நிற்கிறது. ¶ போட்டு உற்றுப் பாருங்கள்: வெற்று வரி விடும் குறிப்புகளில் புள்ளிக் கோடு கடைசிச் சொல்லோடு நின்றுவிடும், குறிக்கு அடியில் ஓடாது. அந்தக் குறியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எச் கொடுங்கள். ஆனால் மேலே இருக்கிற ஷரத்தின் குறியைத் தப்பித் தவறி மறைத்துவிடாதீர்கள். ¶ அணைத்ததும் இரண்டு ஷரத்துகள் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

அட்டவணையில் ஒரு வரிசையையே மறைக்க வேண்டுமானால் வரிசைக்கு வலது பக்கம் வெளியே இருக்கும் குறி வரைக்கும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + டி, ஹிடன். அப்போதுதான் கோடுகளும் சேர்ந்து போகும்.

இதெல்லாம் ஒட்டு வேலை. நிஜமான வேலை ஸ்டைலில் இருக்கிறது. "உள்குறிப்பு" என்று புதிய பத்தி ஸ்டைல் ஒன்று உருவாக்குங்கள். நீலம், சின்ன எழுத்து, ஹிடன், மூன்றையும் அந்த ஸ்டைலிலேயே வையுங்கள். ஒவ்வொரு குறிப்பையும் தனிப் பத்தியாக்கி அந்த ஸ்டைலைக் கொடுங்கள். பத்தி ஸ்டைல் என்பதால் ¶ குறிக்கும் அந்தப் பண்பு தானாகவே போகும், வெற்று வரித் தொல்லை அத்தோடு தீர்ந்தது. குறிப்பை எல்லாம் காட்ட வேண்டுமா, ஸ்டைலை மாடிஃபை செய்து ஹிடனை எடுங்கள். வெளியே அனுப்பும் முன் அழிக்க வேண்டுமா, ¶ போட்டுக்கொண்டு, ஸ்டைல் பட்டியலில் "உள்குறிப்பு" மேல் ரைட் கிளிக், செலக்ட் ஆல், டெலீட். முடிந்தது. ஷரத்து எண்கள் தானாக ஓடுகிற ஆவணத்தில் இந்த ஸ்டைலுக்கு எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ¶ போடும்போது ஓர் எண், அணைக்கும்போது வேறோர் எண் என்று ஆட்டம் காட்டும். பக்க எண்ணிக்கையும் அப்படித்தான், ¶ அணைத்துவிட்டே எண்ணுங்கள்.

அழிக்கும்போது டிராக் சேஞ்சஸ் (திருத்தங்களைப் பதிவு செய்துவைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஓடினால் அழித்தது அழியாது, சிவப்புக் கோடு போட்டபடி ஃபைலோடு பயணம் போகும். உள்ளதைவிட மோசம் அது.


டோம்பிவிலி ஓடிடி:

வேர்டை விட்டு வர முடிந்தால் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. குறிப்புகளை செக்‌ஷனாக வைத்து, அதில் "ஹைட்" போட்டு நிபந்தனை கொடுக்கலாம். ஒரு யூசர் ஃபீல்டின் மதிப்பை மாற்றினால் எல்லா செக்‌ஷனும் ஒரே நேரத்தில் வரும், போகும். பிளேஸ்ஹோல்டர் ஃபீல்டும் (நிரப்ப வேண்டிய இடத்தில் நிற்கும் தற்காலிக எழுத்து) தனியாக உண்டு. ரைட்டரின் பிரிண்ட் ஆப்ஷனில் மறைத்த எழுத்துக்கு ஒரு டிக், பிளேஸ்ஹோல்டருக்கு ஒரு டிக், தனித்தனியாக இருக்கும். ஃபைலை ஓடிடியாகவே (ரைட்டரின் சொந்த ஃபைல் வடிவம்) வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான்.


மாட்டுங்கா ரோடு:

வாடகை ஒப்பந்தத்தை ஓடிடியில் அனுப்பினால் செம்பூர் வீட்டுக்காரர் "ஃபைல் ஓப்பன் ஆகல" என்று அதற்கும் ஒரு போன் செய்வார். நல்ல மென்பொருள்தான், இந்த இடத்துக்கு இல்லை.


ஃபோர்ட் ஸ்டெனோ:

நான் சொல்வது பழைய பாணி, பொறுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் ஆபீசில் காலம் தள்ளியவன். உள்குறிப்பு என்பது வெளியே போகிற காகிதத்தில் இருக்கவே கூடாது, மறைத்தும்கூட. எப்படி நிரப்புவது என்ற குறிப்பு ஒரு ஜாதி, "எங்கே நிறுத்து, எவ்வளவு விட்டுக்கொடு" என்பது வேறு ஜாதி. முதலாவது தெரிந்துபோனால் கொஞ்சம் அசிங்கம், அவ்வளவுதான். இரண்டாவது தெரிந்தால் கட்சிக்காரரே போய்விடுவார். பேரம் சம்பந்தப்பட்டதை எல்லாம் தனி ஃபைலில் எழுதி அலுவலகத்திலேயே வையுங்கள்மா.

நிரப்புகிற குறிப்புக்குக் கன்டென்ட் கன்ட்ரோல் (ஆவணத்துக்குள் நிரப்புவதற்கான பெட்டி) போதும். 2007 பதிப்பிலிருந்து வேர்டில் இருக்கிறது. டெவலப்பர் டேபைக் கொண்டுவந்து, டெபாசிட் தொகை வரும் இடத்தில் ஒன்றைப் போட்டு, டிசைன் மோடில் "டெபாசிட் தொகை: எண்ணிலும் எழுத்திலும்" என்று பிளேஸ்ஹோல்டர் கொடுங்கள். கிளிக் செய்து தட்டச்சு செய்ததும் குறிப்பு போய்விடும். பிராப்பர்ட்டீஸில் "உள்ளடக்கம் திருத்தியதும் கன்ட்ரோலை நீக்கு" என்ற டிக்கும் உண்டு, போட்டால் பெட்டியும் மிஞ்சாது.


ஒயிட்ஃபீல்டு மேனுவல்காரர்:

ஸ்டெனோ சார் சொன்ன ஜாதிப் பிரிப்பு ரொம்பச் சரி, நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கன்டென்ட் கன்ட்ரோலில் ஒரு கண்ணி இருக்கிறது: நிரப்பாமல் விட்டால் பிளேஸ்ஹோல்டர் அப்படியே அச்சாகும். சாம்பல் நிறத்தில், "டெபாசிட் தொகை: எண்ணிலும் எழுத்திலும்" என்று.


ஃபோர்ட் ஸ்டெனோ:

அச்சாகட்டும். டெபாசிட் தொகை இல்லாத ஒப்பந்தம் கண்ணில் படாமல் பதிவுக்குப் போவதைவிட அது மேல்.


ஒயிட்ஃபீல்டு மேனுவல்காரர்:

அதுவும் சரிதான்.

முத்திரைத் தீர்வைக் கணக்கு போன்ற நீளக் குறிப்பு பிளேஸ்ஹோல்டரில் அடங்காது. அதற்கு ஸ்டைல், நிரப்பும் இடத்துக்குக் கன்ட்ரோல் என்று இரண்டையும் கலந்து வையுங்கள்.


செம்பூர் டைப்பிஸ்ட்:

எல்லோருக்கும் நன்றி. பேரக் குறிப்புகளை எல்லாம் வெட்டித் தனி ஃபைலில் வைத்துவிட்டேன். மற்றவற்றை "உள்குறிப்பு" ஸ்டைலுக்கு மாற்றியாகிவிட்டது, வெற்று வரி ஒன்றுகூட இல்லை. பிரிண்டர் பிரச்சினையும் அந்த ஒரு டிக்தான்.

ஆனால் எங்கள் அலுவலகத்தில் நான் மட்டும் இல்லை. இன்னொருவர் அவசரத்தில் அழிக்க மறந்து அனுப்பிவிட்டால்? கடைசி நேரச் சோதனை ஏதாவது உண்டா? அப்புறம், டெம்ப்ளேட்டைத் திருத்திவிட்டதால் ஏற்கனவே சேமித்த பழைய வரைவுகளும் மாறிவிடுமா?


ஒயிட்ஃபீல்டு மேனுவல்காரர்:

சோதனைக்கு டாக்குமெண்ட் இன்ஸ்பெக்டர் இருக்கிறது. ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட். பட்டியலில் "ஹிடன் டெக்ஸ்ட்" டிக் போட்டு ஓட்டினால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், ரிமூவ் ஆல் கொடுத்தால் ¶ போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அடியோடு எடுத்துவிடும். பக்கத்தில் "இன்விசிபிள் கன்டென்ட்" என்று ஒன்று இருக்கும், அது படம் மாதிரிப் பொருட்களுக்கு, குழம்ப வேண்டாம். எடுத்ததை அன்டூ செய்து திரும்பக் கொண்டுவரலாம் என்று நம்பாதீர்கள், அதனால் எப்போதும் நகலில் மட்டும் ஓட்டுங்கள். வெள்ளை எழுத்தை இது பிடிக்காது என்று மாட்டுங்கா ரோடு முன்பே சொல்லிவிட்டார்.

திருத்தம் தேவைப்படாத கட்சிக்காரருக்கு டாக்எக்ஸ் ஏன் அனுப்ப வேண்டும்? பிடிஎஃப் அனுப்புங்கள். அதிலும் குறிப்பை அழித்த பிறகு.

முக்கியமாக, மூல ஃபைலை டாட்எக்ஸ் (வேர்டின் டெம்ப்ளேட் வடிவம்) ஆகச் சேமியுங்கள். இரட்டை கிளிக் செய்தால் புதிய ஆவணம்தான் பிறக்கும், மூலத்தின் மேலேயே சேமித்துவிட முடியாது. மூலத்தைத் திருத்த ரைட் கிளிக், ஓப்பன்.

பழைய வரைவுகள் மாறாது. சேவ் ஆஸ் கொடுத்த அன்றே மூலத்தோடு உறவு அறுந்துவிட்டது. இன்னும் கையெழுத்தாகாமல் மெயிலில் போய்வந்துகொண்டிருப்பவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் நகலிலும் இன்ஸ்பெக்டரை ஓட்டுங்கள்.


மாட்டுங்கா ரோடு:

ஓட்டும் முன் ஒரு தடவை கண்ட்ரோல் + ஏ கொடுத்து எழுத்து நிறத்தை கறுப்பாக்கிப் பாருங்கள். இன்னும் எங்காவது வெள்ளையில் எழுதி வைத்திருந்தால் வெளியே வந்துவிடும்.


செம்பூர் டைப்பிஸ்ட்:

சொன்னபடி செய்தேன் சார். முகப்புப் பக்கத்தில் தலைப்புக்கு மேலே இன்னும் ஒன்று வந்தது: "பான் எண்ணைச் சரிபார்க்காமல் அனுப்பாதே."