பொருள்: ‘கிளிப்பிங்’ – தலைதட்டலா, மழுக்கலா, கவாத்தா?

பென்னாகரத்திலிருந்து:

டியூப் ஸ்க்ரீமர், க்ளான் சென்டார் ஆகிய கிதார் ஓவர்டிரைவ் பெடல்களை (ஒலியைச் சிதைத்துத் தடிப்பாக்கும் பெட்டிகள்) வீட்டிலேயே நகலெடுத்துக் கட்ட ஒரு தமிழ்க் குறிப்பு எழுத உட்கார்ந்தால், ‘கிளிப்பிங்’கில், அதாவது மின்னலையின் முகடு ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் மட்டமாவதில், வண்டி நின்றுவிடுகிறது. ‘வெட்டு’ வேண்டாம். துளைப்பலகையான வெரோபோர்டில் ஐசியின் கால்களுக்கு நடுவே செப்புத் தடத்தை வெட்டுகிற வேலை ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பக்கத்தில் ‘வெட்டுமிடம்’, ‘வெட்டு டையோடு’ இரண்டும் வந்தால் புதியவர் டையோடின் காலை நறுக்கிவிடுவார்.

என் முன்மொழிவு: தலைதட்டல். ராகியைப் படியில் குவித்து, விளிம்போடு கையால் வழித்துவிட்டால் மேலே தட்டையாகிறதே, அதேதான். ‘தலைதட்டி ஒரு கப்’ என்று சமையல் குறிப்புகளில் இன்றும் எழுதுகிறார்கள். ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடுதான் படியின் விளிம்பு. சிலிக்கான் 1என்4148 போட்டால் அது சுமார் 0.6 வோல்ட் உயரம். ஜெர்மானியம் 1என்34ஏ என்றால் 0.3; சிவப்பு எல்இடி என்றால் 1.7. விளிம்பு உயர உயரத் தட்டுப்படுவது குறையும், சத்தம் கூடும்.

ஊத்தங்கரையிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கம் மாந்தோப்பு. கேட்டவுடன் வாயில் வருவது ‘கவாத்து’தான். மிஞ்சி வளர்ந்ததைக் கழிப்பது. கவாத்து டையோடு, கவாத்து அளவு என்று எதோடும் ஒட்டும்.

> தலைதட்டல்

இதில் ஒரு இடறல். அலைக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. டையோடுகளை எதிரெதிராக வைப்பதே கீழ்ப்பாதியையும் பிடிக்கத்தான். படிக்கு அடியில் யார் தட்டுகிறார்கள்?

ஓசூரிலிருந்து:

கவாத்து என்றதும் போலீஸ் மைதானம் நினைவுக்கு வருகிறவர்களும் உண்டு, தம்பி. அது போகட்டும், கவாத்து செய்த மரம் மறுபடி தழைக்கும், தட்டிய முகடு திரும்ப வராது.

கீழ்ப்பாதிக்குக் கொள்ளிக்கட்டையே வழி காட்டுகிறது: இருதலைத் தட்டல். அப்படியே ‘ஒருதலைத் தட்டல்’ என்பது ஒரு பிழைக்கும் பெயராகிவிடும். இரண்டு டையோடையும் ஒரே திசையில் மாட்டிவிட்டால் ஒரு பாதி 0.6-இல் நிற்கும், மறுபாதி ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) தன் எல்லையில் முட்டும்வரை, 9 வோல்ட் சப்ளையில் 3 வோல்டுக்கும் மேலே, ஏறும். பெடல் ஓடும், ஆனால் கரகரக்கும். கறுப்புப் பட்டை ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் இருக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. பாஸ் எஸ்டி-1 பெடல் போல ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று வேண்டுமென்றே வைப்பது வேறு கதை. அதுவும் இருதலைதான், உயரம் மட்டும் ஏற்றத்தாழ்வு.

ஆனால் ஒரு சொல் போதாது. டியூப் ஸ்க்ரீமரில் டையோடுகள் ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில், வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் வழியில், இருக்கின்றன. 4.7 கிலோ ஓம் மின்தடை ஒரு பக்கம், 51 கிலோ ஓமும் 500 கிலோ ஓம் ‘பொட்’டும் (குமிழால் மாற்றும் மின்தடை) மறுபக்கம்: பெருக்கம் 12 முதல் 118 வரை. டையோடு திறந்ததும் அது 1-க்கு இறங்கும், பூஜ்யத்துக்கு அல்ல. அதனால் உள்ளே வந்த அலை அந்த 0.6-இன் மேல் ஏறி உட்காரும். கைபேசி டோன் செயலியிலிருந்து 440 ஹெர்ட்ஸ், உச்சம் 100 மில்லிவோல்ட் கொடுத்து, டிரைவ் குமிழை முழுக்கத் திறந்து, ஐசியின் 1-ஆம் காலில் அலையைக் காட்டும் ஸ்கோப்பை வையுங்கள். 0.7 வோல்ட் பக்கத்தில் மொட்டைக் குன்று தெரியும், மேசை தெரியாது. க்ளானில் டையோடுகள் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே. வழித்த படி அங்கேதான். ஜெர்மானியம் மெதுவாகத் திறப்பதால் ஓரம் கொஞ்சம் உருண்டிருக்கும், அவ்வளவே.

ஆகவே முன்னது மழுக்கல், பின்னது தலைதட்டல். ஆங்கிலத்தின் ‘சாஃப்ட்’, ‘ஹார்ட்’ போல ‘மென்’, ‘வன்’ என்று முன்னே ஒட்ட வேண்டாம்; ‘மென்’ என்றால் சத்தம் குறைவு என்று படித்துவிடுவார்கள்.

பென்னாகரத்திலிருந்து:

சரி. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

“4.7 கிலோ ஓமோடு தொடராக 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருப்பதால் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் குறையும். தடித்த தந்திகள் அதிகம் மழுங்காது. பேஸ் மெலிந்து கேட்டால் 0.1 மைக்ரோ ஃபாரட் போடுங்கள், எல்லை சுமார் 340-க்கு இறங்கும்.”

“க்ளானின் தலைதட்டு டையோடை மல்டிமீட்டரின் டையோடு நிலையில் அளந்தால் 0.25 முதல் 0.35 வரை காட்ட வேண்டும். 0.6 காட்டினால் அது ஜெர்மானியம் என்ற பெயரில் வந்த சிலிக்கான். அதிகச் சூடு அதற்கு ஆகாது: காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு 3 நொடிக்குள் சால்டர் வையுங்கள்.”

‘மழுங்காது’ என்று வினையாகவும் வளைகிறது. அது எனக்குப் போதும்.

க்ளான் பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். அதில் மின்னழுத்தத்தை உயர்த்தும் சார்ஜ் பம்பான மேக்ஸ்1044 ஐசி 10 வோல்டுக்கு மேல் தாங்காது. ரெகுலேட்டர் இல்லாத 9 வோல்ட் அடாப்டர் சுமையில்லாதபோது 12-ஐத் தாண்டும். மாட்டிய கணமே ஐசி போகலாம். அதன் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு இணைக்க மறந்தால் ‘கீ’ என்ற ஊளை கேட்கும். சார்ஜ் பம்புக்குத் தமிழ் தேடுவது தனி இழையில்.

ஊத்தங்கரையிலிருந்து:

கவாத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பலகையில் பெயர் அச்சிட 8 மில்லிமீட்டர்தான் இடம். ‘இருதலைத் தட்டல்’ அடங்காது. தலைதட்டுக்கு த.டை.1, த.டை.2, மழுக்கலுக்கு ம.டை.1, ம.டை.2 என்று போடலாமா? பட்டைப் பக்கம் ஒரு தடித்த கோடும் வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் ஒருதலைதான்.