பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில்: எந்த மாற்றுப் பிக்அப்பை எதனோடு சேர்ப்பது?

காட்பாடித் தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் காட்பாடியில் இருக்கிறேன். ஞாயிறு காலை ஆராதனையில் எங்கள் சபையின் இசைக்குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். முகூர்த்த நாள்களில் வேலூர், ஆற்காடு வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றோடும் மேடை ஏறுவதுண்டு. என்னிடம் இருப்பது 6 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, விலை குறைந்த கிடார். பிரிட்ஜ் (தந்திகள் கீழே கட்டப்படும் இடம்) ஓரமாக ஒரு ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்அப், நடுவிலும் நெக் (கழுத்து) ஓரமாகவும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்அப், ஐந்து நிலை சுவிட்ச், ஒரு வால்யூம், ஒரு டோன் என்ற அமைப்பு. கழுத்து நேராக இருக்கிறது, ஃபிரெட்டுகளும் தேயவில்லை. ஆகவே கிடாரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. பிக்அப்களை மட்டும் மாற்றிப் பார்க்க விரும்புகிறேன்.

முதல் குறை, பிரிட்ஜ் ஹம்பக்கரின் ஒலி கலங்கலாக இருக்கிறது. கீபோர்டும் பேஸும் சேர்ந்துவிட்டால் நான் வாசிக்கும் கார்டுகள் எங்கே போயின என்று எனக்கே தெரிவதில்லை. அடுத்தது, பாட்டின் நடுவில் நெக்கிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றினால் ஒலி திடீரென்று தூக்குகிறது. ஒலிக்கட்டுப்பாட்டில் இருக்கும் அண்ணன் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்துகிறார். சிங்கிள் காயில்களில் இரைச்சலும் இருக்கிறது.

பிரிட்ஜுக்கு 16 கிலோ ஓம் உள்ள அதிக அவுட்புட் ஹம்பக்கர் ஒன்றையும், நெக்குக்குச் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் அதிக அவுட்புட் பிக்அப் ஒன்றையும் வாங்கலாம் என்றிருக்கிறேன். எண் பெரிதானால் ஒலி தெளிவாகும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது சரிதானா? இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா?

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, பணம் கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அது நல்லது. 16 கிலோ ஓம் பிக்அப் உங்கள் குறையைத் தீர்க்காது, கூட்டத்தான் செய்யும். நான் ராணிப்பேட்டையில் மாலை நேரங்களில் கிடார்களுக்கு வயரிங் செய்து கொடுக்கிறவன். இந்த ஓம் கணக்கை நம்பி வாங்கிவிட்டு வருந்துகிறவர்களை அடிக்கடி பார்ப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, அந்த அசைவு சுருளில் மின்னழுத்தமாகிறது. மல்டிமீட்டர் காட்டும் கிலோ ஓம், அந்தக் கம்பியின் மின்தடை மட்டுமே. அதே எண்ணிக்கைச் சுற்றுகளை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினால் ஒலி கூடாமலே ஓம் கூடிவிடும். அதே கம்பியில் சுற்றுகளைக் கூட்டினால் ஒலி கூடும், ஆனால் கூடவே சுருளின் இண்டக்டன்ஸும் (மின்தூண்டல்) ஏறும். அது ஏற ஏற, பிக்அப் எந்த அதிர்வெண்ணில் மிகப் பிரகாசமாக ஒலிக்கிறதோ அந்த முகடு கீழே இறங்கும். முகடு இறங்கினால் ட்ரெபிள் மங்கி, நடுப்பகுதி தடித்துவிடும். கீபோர்டும் ஆண்குரலும் நெருக்கியடித்து நிற்கிற இடம் அந்த நடுப்பகுதிதான். உங்கள் கார்டு அங்கே போய் நின்றால் எப்படிக் கேட்கும்?

இதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயமும் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 25 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்அப்பை வேலூரின் அக்கினி வெயிலில் 40 டிகிரியில் அளந்தால் 8.5 கிலோ ஓமை நெருங்கிவிடும். அதனால் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று யாரும் பதற வேண்டாம்.

இனி, ஜோடி சேர்ப்பதைப் பற்றி. தந்தி பிரிட்ஜுக்கு அருகில் குறைவாகவும் நெக் பக்கம் அகலமாகவும் ஆடுகிறது. ஒரே மாதிரியான இரண்டு பிக்அப்களை இரண்டு இடத்திலும் ஒரே உயரத்தில் வைத்தால் நெக்தான் ஓங்கி ஒலிக்கும். ஆகவே பிரிட்ஜில் சற்று வலுவானது, நெக்கில் சற்று மென்மையானது என்பதே அடிப்படை. கிப்சன் கிடார் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர்களில் இடத்துக்கு ஏற்றபடி தனித்தனியாகச் சுற்றும் வழக்கம் இருக்கவில்லை. சுற்றுகளின் எண்ணிக்கையே ஒன்றுக்கொன்று மாறியிருந்ததால் சில ஜோடிகள் தற்செயலாக அருமையாக அமைந்தன. இப்போது நிறுவனங்களே பிரிட்ஜுக்கு ஒன்று, நெக்குக்கு ஒன்று என்று பிரித்துச் சுற்றுகின்றன. சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி, ஜாஸ் என்ற புகழ்பெற்ற ஜோடியில் பிரிட்ஜ் 16 கிலோ ஓமைத் தாண்டும், நெக் 8ஐக்கூட எட்டாது. டிஸ்டார்ஷன் போட்டு லீட் வாசிப்பவருக்கு அது நல்ல ஜோடி. ஆனால் அதில் இரண்டும் ஹம்பக்கர். நீங்கள் அதே ஜேபியை 6 கிலோ ஓம் சிங்கிள் காயிலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி தூக்கும் குறை இன்னும் மோசமாகும்.

பிரிட்ஜுக்கு 8 முதல் 9 கிலோ ஓம் வரையிலான, அல்னிகோ 5 காந்தமுள்ள பழைய பாணி ஹம்பக்கர்; நெக்குக்கும் நடுவுக்கும் 6 கிலோ ஓமையொட்டிய அல்னிகோ 5 சிங்கிள் காயில். இதுதான் என் பரிந்துரை. அல்னிகோ 2 கொஞ்சம் இளகிய ஒலி தரும். கூர்மை உங்கள் காதை உறுத்தினால் மட்டும் பிரிட்ஜில் அதை நினைத்துப் பாருங்கள்.

உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் எனக்கு மூன்று செய்திகள் வேண்டும். இப்போதுள்ள பிக்அப்கள் ஒவ்வொன்றின் மின்தடை என்ன? வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் ‘பாட்’ எனும் மாறுதடையின் அடியில் 250 (கிலோ ஓம்) என்று இருக்கிறதா, 500 என்று இருக்கிறதா? சபையில் கிடார் வயரை எதில் செருகுகிறீர்கள்?

கிழக்கு மேடை எழுதியது:

பாலாற்றங்கரை ஐயா சொன்ன அடிப்படையை ஏற்கிறேன். சிங்கிள் காயில் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். எனக்குக் குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி எங்கள் பக்கத்தில் எத்தனை மேடைகள் எழும் என்பது உங்களுக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட், காலடியில் மின்வயர்க் கூட்டம். சாதாரண சிங்கிள் காயிலை அங்கே திறந்தால் இரண்டு பாட்டுக்கு இடையில் பேசுகிறவரின் குரலோடு அந்த உறுமலும் ஊருக்கே கேட்கும். கிடாரின் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டிப் பார்த்தேன். கரகரப்பு குறைந்தது, 50 ஹெர்ட்ஸ் உறுமல் குறையவில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது காந்தப்புலம், அதை மெல்லிய செம்பு தடுப்பதில்லை என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஆகவே ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சுருள் அடுக்கிய, இரைச்சலற்ற வகைச் சிங்கிள் காயில்களைப் போட்டிருக்கிறேன். அசல் சிங்கிள் காயிலின் பளபளப்பில் ஒரு பங்கு போய்விடுகிறது என்பது உண்மைதான், மறைக்கவில்லை. மேடையில் எனக்கு அமைதிதான் பெரிதாகப்பட்டது.

இன்னொன்றை அவசியம் எழுத வேண்டும். தந்தியைத் தொடும்போது இரைச்சல் குறைவது இயல்பு. தொடும்போதோ, மைக்கில் உதடு படும்போதோ ஷாக் அடித்தால் அது பிக்அப் குறை அல்ல. அந்த இடத்தில் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை வாசிக்காதீர்கள். இரைச்சலைக் குறைப்பதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் சில மேடைகளில் இருக்கிறது; அது உயிரோடு விளையாடுவது.

காட்பாடித் தந்தி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை கிடாரைத் திறந்து அளந்தேன். பிரிட்ஜ் 14.1, நடு 5.6, நெக் 5.6 கிலோ ஓம். வால்யூம், டோன் இரண்டிலும் 250 என்றே இருக்கிறது. ஹம்பக்கரின் அடியில் தட்டையான கறுப்புக் காந்தம் தெரிகிறது. சுவிட்சின் இரண்டாம் (பிரிட்ஜும் நடுவும்), நான்காம் (நடுவும் நெக்கும்) நிலைகளிலும் இரைச்சல் குறையாமல் அப்படியே இருக்கிறது. பிரிட்ஜ் பிக்அப்பின் மேலே முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே 52 மி.மீ. வருகிறது.

சபையில் ஆம்ப் கிடையாது. மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகுகிறேன். வீட்டில் உள்ள சிறிய ஆம்பில் இவ்வளவு கலங்கல் இல்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. நான் பெரும்பாலும் இரண்டு, நான்கு ஆகிய நிலைகளில் கார்டு வாசிக்கிறேன்; இடையிசைக்கு மட்டும் பிரிட்ஜ்.

பாலாற்றங்கரை எழுதியது:

இந்த விவரங்களால் பாதி வழக்கு தீர்ந்துவிட்டது. முதலில் மிக்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாத கிடார் பிக்அப்புக்கு 10 லட்சம் ஓம் அளவு மின்தடையுள்ள இன்புட் வேண்டும். கிடார் ஆம்பிலும் எஃபெக்ட்ஸ் பெட்டியிலும் அதுதான் இருக்கும். மிக்சரின் லைன் இன்புட் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். அந்தச் சுமையில் எவ்வளவு நல்ல பிக்அப்பும் போர்வைக்குள் இருந்து பேசுவது போலத்தான் கேட்கும். ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிடார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றையோ, யாரிடமாவது இரவல் வாங்கிய எஃபெக்ட்ஸ் பெட்டியையோ இடையில் வைத்து ஒரு ஞாயிறு வாசித்துப் பாருங்கள். அதைக் கேட்ட பிறகே பிக்அப்புக்கு ஆர்டர் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் மாற்றம் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். நீங்கள் பார்த்த கறுப்புக் காந்தம் செராமிக்; அந்த 14 கிலோ ஓம் செராமிக் ஹம்பக்கருக்கும் 5.6 சிங்கிள் காயிலுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் ஒலி தூக்குவதற்குக் காரணம். முன்பு சொன்ன 8 முதல் 9 கிலோ ஓம் அல்னிகோ 5 ஹம்பக்கரையே எடுங்கள். உங்கள் தந்தி இடைவெளி 52 மி.மீ. என்பதால், ஏறத்தாழ 49 மி.மீ. உள்ள கிப்சன் அளவை வாங்க வேண்டாம். டிமார்ஸியோ நிறுவனத்தில் எஃப் ஸ்பேஸ் என்றும், சீமோர் டங்கனில் ட்ரெம்பக்கர் என்றும் வரும் அகன்ற வகையைக் கேளுங்கள். நான்கு வயர் வெளிவரும் மாடலாகவும் இருக்கட்டும்.

கிழக்கு மேடை நண்பர் சொன்னது திருவிழா மேடைக்கு முழுக்கப் பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு, நான்கு நிலைகளில்தான் இருக்கிறீர்கள். நடுப் பிக்அப் மட்டும் காந்தத் துருவமும் சுற்றும் திசையும் எதிர்மாறாக உள்ளதாக இருந்தால் நான்காம் நிலையில் உறுமல் தானாகவே அடிபட்டுப்போகும், பளபளப்பும் மிஞ்சும். இப்போது அது அடங்காததால், உங்கள் நடுப் பிக்அப் அந்த வகை அல்ல என்று தெரிகிறது. இரண்டாம் நிலையிலும் இதே பலன் கிடைக்க, அந்த நிலையில் ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் ஒலிக்க விட வேண்டும்; நான்கு வயர் மாடல் கேட்டது அதற்காகத்தான். நெக் பிக்அப்பின் துருவத்தோடு ஒத்திருக்கும் சுருளே ஒலிக்க வேண்டியது. சிறிய திசைகாட்டி ஒன்றை அருகில் கொண்டுபோனால் எது என்று தெரிந்துவிடும்.

பாட்கள் இரண்டையும் 500 கிலோ ஓமாக மாற்றிவிடுங்கள், ஹம்பக்கர் மூச்சுவிடும். சிங்கிள் காயில்களுக்கு 500 கூர்மையாகிவிடும் என்பதால், சுவிட்சில் அவை சேரும் முனைகளிலிருந்து கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்தால், தனியாக ஒலிக்கும்போது அவற்றின் சுமை ஏறத்தாழ 240 கிலோ ஓமாக இறங்கிவிடும். டோன் கபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட் போதும். ரெசிஸ்டரும் கபாசிட்டரும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்; பாட் மட்டும் தண்டின் அளவு பார்த்து வாங்க வேண்டும், அதற்குச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் கழற்றிய பழைய பாட் ஒன்றையே கொடுத்தனுப்புங்கள்.

மூன்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்க முடிந்தால் நல்லது. வெவ்வேறு நிறுவனங்களில் வாங்கினால் வயரின் நிறத்தை நம்பிச் சால்டர் செய்யாதீர்கள். சீமோர் டங்கனில் சிக்னல் வயர் கறுப்பு, டிமார்ஸியோவில் சிவப்பு. சிங்கிள் காயில்களோடு ஃபேஸ் (அலையின் திசை) மாறிவிட்டால் இரண்டாம் நிலையில் பேஸ் எல்லாம் வடிந்து, ஒலி தகர டப்பா போலாகிவிடும். முள் ஆடும் பழைய மீட்டரைப் பிக்அப்பில் இணைத்து, ஸ்க்ரூ டிரைவரைத் துருவங்களின் மேல் ஒட்ட வைத்து வெடுக்கென்று எடுங்கள். ஹம்பக்கரானால் இரண்டு சுருளின் மேலும் படும்படி கிடத்தி எடுங்கள். மூன்று பிக்அப்பிலும் முள் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் துள்ளினால் அதன் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும்.

உயரத்தைக் கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளக்க வேண்டும். நெக்கில் தடித்த தந்திப் பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.5 மி.மீ. என்று தொடங்குங்கள், அதைவிட நெருக்கினால் அல்னிகோ துருவங்கள் தடித்த தந்தியைப் பிடித்து இழுத்து, சுருதி தள்ளாடும். பிறகு நெக்கைத் தொடாமல், பிரிட்ஜ் பிக்அப்பை மட்டும் அரைத் திருகாக ஏற்றி இறக்கி, சுவிட்சை மாற்றினால் ஒலிக்கட்டுப்பாட்டு அண்ணனின் கை உயராத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.