கட்டுமான இடர் ஆய்வு: 60 இடர், 200 பேர் பட்டியல். முறையியல் சரியா?

கேள்வி
அடுக்குமாடிக் கட்டுமானத்தில் இடர் மேலாண்மை என்பது முதுகலை ஆய்வுத் தலைப்பு. முந்தைய ஆய்வுகளிலிருந்து 60 இடர்களைத் திரட்டியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் நிகழும் வாய்ப்பு, பாதிப்பு என்று 5 புள்ளி அளவுகோலில் இரண்டு கேள்விகள். உரிமையாளர், ஆலோசகர், ஒப்பந்ததாரர் மூன்று தரப்புக்கும் அனுப்பித் தரவரிசை போட வேண்டும், காரணிப் பகுப்பாய்வும் (சேர்ந்தே ஏறி இறங்கும் இடர்களைச் சில குழுக்களாகத் தொகுப்பது) செய்ய வேண்டும். பட்டியலில் 200 பேர் இருக்கிறார்கள். எத்தனை பதில் வந்தால் போதும்?

பதில் 1
எண்ணிக்கை பிறகு, முதலில் பட்டியலைச் சுருக்குங்கள். 60 இடருக்கு 120 கட்டங்கள். பாதி தாண்டியதும் வரிசையாக 3 போட்டு முடித்துவிடுவார்கள், அந்தத் தரவை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. 25 முதல் 30 இடர்களே தாங்கும்.

சுருக்கும்போது கவனிக்க வேண்டியது: ‘வேலை தாமதம்’, ‘செலவு கூடுதல்’ இரண்டும் இடர் அல்ல, விளைவு. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றையும் பிரித்து எழுதிப் பாருங்கள். மண் ஆய்வுத் துளைகள் போதாதது காரணம். தோண்டும்போது எதிர்பாராத பாறை தட்டுவது நிகழ்வு. அஸ்திவார வேலை நீள்வது விளைவு. வினாத்தாளில் நிகழ்வை மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடர் மூன்று பெயரில் வந்து மூன்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு 10–15 பேரிடம் முன்னோட்டம். அந்தப் பதில்களை முதன்மைத் தரவில் சேர்க்காதீர்கள்.

பதில் 2
அந்த 200 பேர்தான் முழுமைத்தொகுதி (ஆய்வுக்கு உரிய எல்லோரும்) என்றால், 95% நம்பகம், 5% பிழைக்கு 384 ÷ (1 + 383/200), அதாவது 132 பதில்கள் வேண்டும்; 384 என்பது தொகுதி மிகப் பெரிதாக இருந்தால் வேண்டிய எண்ணிக்கை. காரணிப் பகுப்பாய்வை விட்டுவிடலாம். ஒரு மாறிக்குக் குறைந்தது 5 பேர் என்பது வழக்கமான கணக்கு. 60 மாறிக்கு 300 பேர். உங்கள் பட்டியலே அவ்வளவு இல்லை. 30 ஆக்கினாலும் 150 பதில், நூற்றுக்கு 75 பேர் நிரப்பித் தர வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று. வாய்ப்புக்கும் பாதிப்புக்கும் தனித்தனியே சராசரி எடுத்துப் பெருக்கக் கூடாது. ஒவ்வொருவரின் இரண்டு எண்களையும் பெருக்கிய பிறகே சராசரி. ஒருவர் 5, 1 என்றும் மற்றவர் 1, 5 என்றும் தந்தால் முதல் வழியில் 3×3 = 9 வரும். சரியான வழியில் 5தான். தரவரிசையே புரண்டுவிடும்.

மூன்று தரப்பையும் ஒப்பிட க்ரஸ்கல்–வாலிஸ் சோதனை (மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, அந்த வரிசை எண்களைக் குழுக்களிடையே ஒப்பிடுவது). இது தரவரிசைத் தரவு என்பதால், சராசரிகளை ஒப்பிடும் அனோவா வேண்டாம். 30 இடருக்கும் தனித்தனியே சோதித்தால் ஒன்றிரண்டில் தற்செயலாகவே வேறுபாடு தெரியும், அதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கிவிடாதீர்கள். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பாவை இடர்க் குழுவாரியாகப் பாருங்கள், 0.7க்கு மேல் இருக்கட்டும். எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்துப் போட்டால் கேள்விகளின் எண்ணிக்கையாலேயே அது உயர்ந்து நிற்கும்.

பதில் 3
மேலே சொன்னதெல்லாம் செய்தாலும் கிடைப்பது கருத்துதான். தாமதத்துக்கு ஒப்பந்ததாரர் பில் தொகை நிலுவையைச் சொல்வார், உரிமையாளர் ஆள் பற்றாக்குறையைச் சொல்வார். ‘பொதுவாக’ என்று கேட்காமல் ‘நீங்கள் கடைசியாக முடித்த திட்டத்தில்’ என்று கேட்டால் இது ஓரளவு குறையும்.

முடிந்த 3 அல்லது 4 திட்டங்களின் பதிவேடுகளையும் எடுங்கள்: முதல் கால அட்டவணை, கால நீட்டிப்புக் கடிதங்கள், மாற்றுப்பணி ஆணைகள், கூட்டக் குறிப்புகள். எந்த இடர் எத்தனை நாளைத் தின்றது என்று அதில் தெரியும். கருத்துத் தரவரிசையோடு அது முரண்படும் இடம்தான் ஆய்வின் உயிர்.

இன்னொன்று: தலைப்பில் ‘மேலாண்மை’ இருக்கிறது, வினாத்தாளில் மேலாண்மையே இல்லை. ஒவ்வொரு இடரையும் தவிர்த்தார்களா, குறைத்தார்களா, வேறு தரப்புக்கு மாற்றினார்களா, ஏற்றுக்கொண்டார்களா, ஒப்பந்தப்படி யார் சுமந்தார்கள் என்று கேளுங்கள். முதல் 10 இடர்களுக்கு மட்டும் கேட்டால் போதும்.

கேட்டவர்
நன்றி. பதிவேடு தர இரண்டு நிறுவனங்கள்தான் சம்மதித்திருக்கின்றன. போதுமா?

பதில் 3
போதும். ஆனால் எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும் என்று எழுதாதீர்கள். நிகழ்வாய்வு (ஓரிரு திட்டங்களை மட்டும் ஆழமாகப் பார்ப்பது) என்றே குறிப்பிடுங்கள். பெயர் வெளியிடுவதில்லை என்ற ஒப்புதலை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதியில் மறுத்துவிட்டால் அந்த அத்தியாயம் முழுவதும் போய்விடும்.