மெதுவாக நகரும் உளவியல் திரில்லர்: 'பர்னிங்' ஏன் பார்வையாளர்களை இப்படி இரண்டாகப் பிரிக்கிறது?

மழைக்குறிப்பு (கேள்வி)

கதையின் திருப்பங்களையும் முடிவையும் தொட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

லீ சாங்-டாங் இயக்கி 2018இல் வெளிவந்த 'பர்னிங்' என்ற தென்கொரியப் படத்தை அண்மையில் நண்பர்கள் சிலருடன் பார்த்தேன். ஹருகி முரகாமியின் சிறுகதை ஒன்றைத் தழுவிய அந்தப் படம் 148 நிமிடங்கள் ஓடுகிறது. அந்த ஆண்டின் கான் திரைப்பட விழாவில், 'ஸ்க்ரீன்' இதழ் விமர்சகர்களிடமிருந்து பெற்று வெளியிடும் மதிப்பெண் பட்டியலில் 4க்கு 3.8 வாங்கி, அதுவரை எந்தப் படமும் எட்டாத உயரத்தை அது எட்டியது. ஆனால் போட்டியின் நடுவர் குழு அதற்கு விருது எதுவும் தரவில்லை. சர்வதேச விமர்சகர் கூட்டமைப்பு தன் விருதை அளித்தது.

என்னுடன் பார்த்தவர்களிடமும் இதே பிளவு. ஒரு சாரார், பாதிப் படம் வரை எதுவுமே நடக்கவில்லை என்று சலித்துக்கொண்டார்கள். மற்றொரு சாராருக்குப் பல நாட்களாக வேறு பேச்சே இல்லை. இணையத்தில் நான் படித்த வரையிலும் ஒன்று தலையில் தூக்கி வைக்கிறார்கள், இல்லையென்றால் தூக்கி எறிகிறார்கள். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒரே வேகத்தில் நகரும் இரண்டு படங்களில் ஒன்று நம்மைக் கட்டிப்போடுகிறது, மற்றொன்று கொட்டாவி விட வைக்கிறது. வேகம் அல்லாமல் வேறு எது இதைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

கடைசிவரிசை

திரையில் நிகழ்ச்சிகள் குறைவாக இருப்பதும், பார்வையாளருக்கு வேலையே இல்லாமல் இருப்பதும் வெவ்வேறு. முதலாவதைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவதை யாராலும் பொறுக்க முடியாது. உளவியல் திரில்லரில் நமக்குக் கொடுக்கப்படும் வேலை சந்தேகப்படுவது. எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நமக்குப் பிடிபட்டுவிட்டால், ஒருவர் தேநீர் ஆற்றுவதைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று. அதற்கு மூலமான பிரெஞ்சு நாவலில், இரண்டு பெண்களாகத் தோன்றுபவர்கள் ஒருத்தியே என்ற ரகசியம் கடைசியில்தான் உடைகிறது. ஹிட்ச்காக் அதைப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்த இடத்திலேயே, அந்தப் பெண்ணான ஜூடி எழுதிக் கிழித்துப்போடும் கடிதத்தின் வழியாக நமக்குச் சொல்லிவிடுகிறார்; நாயகன் ஸ்காட்டிக்கு மட்டும் தெரியாது. அதன் பிறகு வருபவை வெளிப்பார்வைக்கு மிகச் சாதாரணமான காட்சிகள். ஒருவன் ஒரு பெண்ணுக்குச் சாம்பல் நிற உடை வாங்கித் தருகிறான், தலைமுடியின் நிறத்தை மாற்றச் சொல்கிறான், கொண்டையை இன்ன விதமாகப் போடச் சொல்கிறான். இவள் யார் என்ற கேள்வி நம்மிடம் இப்போது இல்லை. இவனுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பதைப்பு மட்டுமே இருக்கிறது. அதனால் அந்த மெதுவான போக்கே நம்மை வதைக்கிறது.

'பர்னிங்' இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. அது நமக்கு எந்த உண்மையையும் கையில் கொடுப்பதில்லை. நாயகன் ஜோங்-சுவுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரிகிறது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கைவிடப்பட்ட பசுங்குடில் ஒன்றைத் தீக்கிரையாக்குவது தன் பொழுதுபோக்கு என்று பென் என்ற பணக்கார இளைஞன் அவனிடம் சொல்கிறான். அடுத்தது உன் வீட்டுக்கு மிக அருகில் என்றும் சொல்கிறான். ஜோங்-சு தன் ஊரைச் சுற்றி ஓடி ஓடி ஒவ்வொரு பசுங்குடிலாகப் பார்க்கிறான். எதுவும் எரியவில்லை. ஜோங்-சு நேசிக்கும், பென்னோடு பழகிவந்த ஹே-மியைத்தான் எங்கும் காணவில்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டவருக்கு அந்த ஓட்டம் தாங்க முடியாத காட்சி. போடாதவருக்கு, ஒரு இளைஞன் வயல்வெளியில் ஓடிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். முடிச்சைப் போடும்படி படம் எந்த இடத்திலும் நம்மை வற்புறுத்துவதில்லை. உங்கள் நண்பர்கள் பிரிந்து நின்ற இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

செல்லுலாய்டு

மேலே சொல்லப்பட்டதோடு உடன்படுகிறேன். ஆனால் பார்வையாளர் எதை எதிர்பார்த்து உள்ளே வந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 'சினிமாஸ்கோர்' என்ற நிறுவனம், படம் வெளியாகும் நாளில் பார்த்துவிட்டு வெளியே வருபவர்களிடம் ஏ முதல் எஃப் வரை தரம் கேட்டு வெளியிடுகிறது. மெல்ல மெல்ல அச்சத்தைக் கூட்டிய 'தி விட்ச்' அதில் சி மைனஸ் பெற்றது, 'ஹெரிடெட்டரி' (2018) டி பிளஸ், 'மதர்!' (2017) எஃப். இவற்றில் 'ஹெரிடெட்டரி'யை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், செலவைப் போலப் பல மடங்கு வசூலும் வந்தது. அப்படியிருந்தும் முதல் நாள் பார்வையாளர்கள் ஏன் அப்படித் தரம் போட்டார்கள்? அடிக்கடி திடுக்கிட வைக்கும் பேய்ப்படத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, ஒரு குடும்பத்தின் துக்கத்தை நெடுநேரம் உட்கார்ந்து பார்க்க நேர்ந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். முதல் நாள் தரம் படத்தைவிட முன்னோட்டத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

'வெர்டிகோ'வுக்கும் இதுவே நேர்ந்தது. வெளியானபோது விமர்சகர்கள் பலர் அதை நீளமானது, தொய்வானது என்றே எழுதினார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் அது முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்ததே 1982இல்தான். 2012இல் முதலிடத்தைப் பிடித்தது. படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. ஆனால் பின்னாளில் வந்தவர்கள் ஹிட்ச்காக்கின் விறுவிறுப்பான துரத்தலை எதிர்பார்த்து வரவில்லை.

ஒளிப்பதிவேடு

இருவருமே பார்வையாளர் தலையில் கொஞ்சம் அதிகமாகப் பாரம் ஏற்றுகிறீர்கள் என்று தோன்றுகிறது. உண்மையிலேயே சலிப்பூட்டும் படங்களும் இந்த வகையில் ஏராளமாக வருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆளில்லாத நடைவழியில் நீண்ட நேரம் நிற்கும் கேமரா, காரணமில்லாத மௌனம், அடித்தொண்டையில் உறுமும் பின்னணி ஒலி, கடைசியில் எல்லாம் நாயகனின் மனப்பிரமை என்று ஒரு விளக்கம். இப்படிப்பட்ட படத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்னால், உங்களுக்குப் பொறுமை இல்லை என்று பதில் வருகிறது. அது நியாயமல்ல.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் நடுவிலுள்ள காட்சிகள் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். டேவிட் ஃபின்ச்சரின் 'சோடியாக்' (2007) நிஜத்தில் நடந்த தொடர்கொலைகளைப் பற்றிய 157 நிமிடப் படம். அந்தக் கொலைகாரன் நிஜ வாழ்க்கையில் கடைசி வரை பிடிபடவே இல்லை என்பது உலகறிந்த செய்தி. அப்படியும் அதில் வரும் நிலவறைக் காட்சியைப் பாருங்கள். ஒரு திரைப்படச் சுவரொட்டியில் உள்ள, கொலைகாரனுடையதைப் போன்ற கையெழுத்து யாருடையது என்று விசாரிக்க ஒருவரின் வீட்டுக்குள் நாயகன் போகிறான். அது தன் கையெழுத்துதான் என்று வீட்டுக்காரர் அமைதியாகச் சொல்லிவிட்டு, அவனை நிலவறைக்கு அழைத்துப்போகிறார். அடிதடி இல்லை, இரத்தம் இல்லை, அந்தக் காட்சியால் வழக்கு தீரவும் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அவன் அந்தப் படிகளில் இறங்கும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அந்தப் படமும் வெளியானபோது பெரிய வசூல் காணவில்லை. பிபிசி 2016இல் வெளியிட்ட இந்த நூற்றாண்டின் சிறந்த படங்களின் பட்டியலில் 12ஆம் இடம் பெற்றது.

எங்கே, எப்படிப் பார்க்கிறோம் என்பதும் சிறிய விஷயமன்று. இந்த வகைப் படங்கள் தம் தடயங்களைப் பேச்சில் வைப்பதைவிட ஒரு பார்வையிலோ காட்சியின் மூலையிலோ வைக்கின்றன. மிகாயெல் ஹானெக்கேயின் 'கஷே' (2005) படத்தில் பின்னணி இசையே கிடையாது. அதன் கடைசிக் காட்சியில், பள்ளி வாசலில் கூட்டத்துக்கு நடுவே கதையின் இரு குடும்பங்களின் பிள்ளைகள் சந்தித்துப் பேசுவதைத் திரையரங்கில் பார்த்தவர்களிலேயே பலர் தவறவிட்டார்கள். கைப்பேசியை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டே பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றுவது இயல்புதான்.

மழைக்குறிப்பு

மூவருக்கும் நன்றி. ஒளிப்பதிவேடு அவர்களின் அளவுகோலை 'பர்னிங்' படத்துக்கு வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு இடறல் வருகிறது. பென்னின் குளியலறை இழுப்பறையில் இருக்கும், ஹே-மியுடையதைப் போன்ற கைக்கடிகாரமும், ஹே-மியின் பூனையின் பெயரான 'பாயில்' என்று கூப்பிட்டதும் வரும் பூனையும் அவனைக் கொலைகாரன் என்று உறுதியாகச் சொல்லிவிடுகின்றன அல்லவா? அப்படியானால், முடிவு தெரிந்தபின் மறுமுறை பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

கடைசிவரிசை

அவை உறுதியான சான்றுகள் அல்ல, நண்பரே. அந்தக் கடிகாரம் குலுக்கலில் பரிசாகக் கொடுக்கப்பட்ட மலிவான பொருள். அதைப் போல எத்தனையோ இருக்கும். பூனையை ஹே-மியின் அறையில் ஜோங்-சு ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. தீனி மட்டும் வைத்துவிட்டு வந்தான். ஆகவே பென்னின் வீட்டில் இருப்பது அதே பூனைதானா என்று அவனாலேயே சொல்ல முடியாது, பெயரைக் கேட்டு வந்தது என்பதைத் தவிர. போதாக்குறைக்கு, ஜோங்-சு பென்னைக் கொல்லும் இறுதிக் காட்சிக்குச் சற்று முன்னர் அவன் ஹே-மியின் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறார்கள். அந்தக் கொலையே அவன் எழுதும் நாவலின் பகுதியாக இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு; எனக்கும் அந்த வாதத்தில் பாதி நம்பிக்கை இருக்கிறது.

மறுமுறை பார்க்கும்போது பென்னின் கொட்டாவியைக் கவனியுங்கள். பென்னின் நண்பர்கள் நடுவே ஹே-மி உற்சாகமாக ஆப்பிரிக்கப் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது அவன் கொட்டாவி விடுகிறான், அதை ஜோங்-சு பார்த்துவிட்டதும் புன்னகைக்கிறான். அவள் காணாமல்போன பிறகு, அவள் இடத்தில் வேறொரு பெண் பேசும்போதும் கொட்டாவி விடுகிறான். ஒரு பெண்மீது சலிப்பு வந்துவிட்டால் அவன் என்ன செய்வான் என்ற கேள்வி இந்த இரண்டு கொட்டாவிகளிலும் இருக்கிறது. கடிகாரத்தையும் பூனையையும் முழுக்க ஒதுக்கிவிட்டாலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கும்.