அப்பா போன் சும்மா கிடக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது, எந்த ஆப் காரணம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். அப்பா துறையூர் பக்கம் விவசாயம் பார்க்கிறார், நான் திருச்சியில் இருக்கிறேன். அவர் போன் ஆண்ட்ராய்டு 13, 5000 எம்ஏஎச் பேட்டரி, வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. படுக்கப் போகும்போது முழு சார்ஜில் வைத்தாலும் விடிவதற்குள் 65 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. ராத்திரி யாரும் அதைத் தொடுவதில்லை. மதியத்துக்குள் அணைந்தே போகிறது.

கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம். மும்முனை மின்சாரம் வந்தாலும், மோட்டார் தண்ணீர் இல்லாமல் நின்றாலும் போனுக்குத் தகவல் வரும். போன் அணைந்திருந்தால் அவர் டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரியில் வரப்பில் நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாம்பு நடமாட்டம் உள்ள இடம். எனக்கு அதுதான் கவலை.

ஊரில் ஒரு கடையில் காட்டியதற்கு பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். கூடவே ஒரு கிளீனர் ஆப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவும் திறந்திருக்கும் ஆப்களை எல்லாம் அவ்வப்போது மேலே தள்ளி மூடுகிறார். பலன் இல்லை. பேட்டரி மாற்றுவதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?

செல்சர்வீஸ் மதுரை

தம்பி, பேட்டரிக்குப் பணம் கொடுக்க இப்போதே அவசரப்பட வேண்டாம். பேட்டரி கெட்டால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணையும், போன் பேசும்போது சடாரென்று இறங்கும், சிலதில் பின்மூடி உப்பிக்கொண்டு வரும். (உப்பியிருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்குக் கொண்டு போங்கள்.) நீங்கள் சொல்வது மெதுவாக, விடாமல் இறங்குவது. ஏதோ ஒன்று போனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, இன்று ராத்திரி ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுக் காலையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் தகவல் வராது என்பதால் கரண்ட் முறை இல்லாத இரவாகப் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு, செட்டிங்ஸில் பேட்டரி யூசேஜ் பக்கத்தைத் திறந்து முதல் ஐந்தாறு பெயர்களை இங்கே எழுதுங்கள். ஒவ்வொரு பெயரையும் தொட்டால் ஸ்கிரீனில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் காட்டும். பின்னணி நேரம்தான் நமக்கு முக்கியம்.

காவிரிக்கரை

நன்றி அண்ணா. வார இறுதியில் ஊருக்குப் போய்ச் செய்து பார்த்தேன். ஏரோபிளேன் மோடில் ராத்திரி முழுக்க 3 சதவீதம்தான் இறங்கியது!

பட்டியலில் மேலிருந்து: மொபைல் நெட்வொர்க், ஒரு நாள்காட்டி ஆப் (பின்னணியில் 6 மணி நேரத்துக்கு மேல்), கூகுள் ப்ளே சர்வீசஸ், கிளீனர் ஆப், குறுவீடியோ ஆப் ஒன்று, அப்புறம் மோட்டார் ஆப். நாள்காட்டியை அப்பா காலையில் ராகு காலம், நல்ல நேரம் பார்க்க மட்டும்தான் திறப்பார். அதற்கு எதற்கு 6 மணி நேரம்?

செல்சர்வீஸ் மதுரை

அப்படியென்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. கெட்ட பேட்டரி ஏரோபிளேன் மோடில் மட்டும் இப்படி ஒழுங்காக நிற்காது. மாற்ற வேண்டாம்.

நிரல்வாசி

நான் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் வேலையில் இருக்கிறேன். இன்னொரு சோதனை செய்தால் விஷயம் தெளிவாகும். ஏரோபிளேன் மோட் இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறது: போன் டவரோடு பேசுவதையும், ஆப்கள் இணையத்துக்குப் போவதையும். இரண்டில் எது சார்ஜைத் தின்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை சிம் இருக்கட்டும், மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு விடியும்வரை விடுங்கள். அப்போதும் அதிகமாக இறங்கினால் சிக்னல் பிரச்சினை. இறங்குவது நன்றாகக் குறைந்தால் ஆப்கள்தான்.

ஒரு நாள்காட்டி ஆப்புக்கு எப்படி 6 மணி நேரம் என்று கேட்டீர்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து டோஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. போன் சார்ஜரில் இல்லாமல், ஸ்கிரீன் அணைந்து, அசையாமல் கிடந்தால் ஆப்களுக்கு இணையத்தை நிறுத்திவைக்கும். அவை வைத்த அலாரங்களையும் வேலைகளையும் தள்ளிப்போடும். இடையிடையே சிறிது நேரம் மட்டும் கதவைத் திறந்து, எல்லா ஆப்களும் தங்கள் வேலையை ஒரே மூச்சில் முடித்துக்கொள்ள விடும். நேரம் போகப் போக அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். வேக் லாக் என்று ஒன்று உண்டு, ஸ்கிரீன் அணைந்த பிறகும் பிராசஸரைத் தூங்கவிடாமல் ஒரு ஆப் பிடித்துவைக்கும் பிடி அது. டோஸில் போன் அதையும் மதிக்காது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 இதோடு நிற்காமல், நாம் அதிகம் தொடாத ஆப்களுக்குப் பின்னணி வாய்ப்பையே குறைத்தது.

இவ்வளவு இருந்தும் ஒரு ஆப் விடிய விடிய ஓடுகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு விலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். "இந்த ஆப் பின்னணியில் தடையில்லாமல் இயங்க அனுமதிக்கவா?" என்று ஒரு பெட்டி வரும். பெரியவர்கள் பெட்டி போனால் போதும் என்று அலவ் அழுத்திவிடுவார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராகு காலம் காட்ட இந்த அனுமதி தேவையே இல்லை, கேட்கிற ஆப் மீதுதான் தப்பு. செட்டிங்ஸில் அந்தந்த ஆப்பைத் திறந்து பேட்டரி என்பதைத் தொட்டால் அன்ரெஸ்ட்ரிக்டட் (பின்னணியில் தடையில்லை), ஆப்டிமைஸ்டு (போனே பார்த்து அளவாக விடும்), ரெஸ்ட்ரிக்டட் (பின்னணியில் கட்டுப்பாடு) என்று மூன்று இருக்கும். அன்ரெஸ்ட்ரிக்டட் என்று இருப்பவற்றை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் எல்லாரும் ஆப்களை மேலே தள்ளித்தான் மூடுகிறோம். அதனால் சார்ஜ் மிச்சமாகாதா? கிளீனர் ஆப் போட்டால் வேகமாகும் என்கிறார்களே?

நிரல்வாசி

மிச்சமாகாது அக்கா. அந்த வரிசையில் தெரிவதில் பாதிக்கு மேல் சும்மா நினைவகத்தில் உட்கார்ந்திருப்பவை, பிராசஸரைத் தொடுவதே இல்லை. மூடிவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் கூடுதல் சார்ஜ் செலவாகும். ஐபோனிலும் இதே கதைதான். 2016இல் ஒரு பயனர் இதையே கேட்டு ஆப்பிளுக்கு எழுதியபோது, அங்கே மென்பொருள் பிரிவுத் தலைவரான கிரெய்க் ஃபெடரிகி, தானும் அப்படி மூடுவதில்லை, பேட்டரிக்கு அது தேவையும் இல்லை என்று பதில் அனுப்பினார். ஏதாவது ஒரு ஆப் உறைந்து நின்றுவிட்டால் மட்டும் தள்ளி மூடுங்கள்.

கிளீனர் ஆப் இன்னும் மோசம். அது மற்ற ஆப்களைக் கொல்லும், அவை மறுபடி எழும், திரும்பக் கொல்லும். இந்த வேலைக்காக அது இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். காவிரிக்கரை, அதை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். உங்கள் பட்டியலில் அதுவே நான்காவது இடத்தில் இருக்கிறதே.

செல்சர்வீஸ் மதுரை

இதற்கு நானும் கைதூக்குகிறேன். கடைக்கு வரும் போன்களில் இந்த மாதிரி ஆப் இருந்தால் நான் முதலில் கேட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

காவிரிக்கரை

டேட்டா அணைத்து வைத்துப் பார்த்தாயிற்று. 15 சதவீதம் இறங்கியது. அன்ரெஸ்ட்ரிக்டட் பட்டியலில் நாள்காட்டி, குறுவீடியோ, கிளீனர், மோட்டார் ஆப் நான்கும் இருந்தன. நாள்காட்டிக்கு லொகேஷன் அனுமதி வேறு "எப்போதும்" என்று கொடுத்திருக்கிறது. கிளீனரை நீக்கிவிட்டேன். மற்றதை எப்படி வைப்பது? கூகுள் ப்ளே சர்வீசஸை டிசேபிள் செய்யலாமா?

நிரல்வாசி

ப்ளே சர்வீசஸில் கை வைக்காதீர்கள். மற்ற ஆப்கள் கேட்கும் லொகேஷன், நோட்டிபிகேஷன், கணக்கு ஒத்திசைவு எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. அதனால் வேறு யாரோ கேட்ட வேலை அதன் பெயரில் கணக்காகும். லொகேஷன் செட்டிங்ஸில் சமீபத்தில் யார் யார் கேட்டார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதைப் பாருங்கள். அங்கே நாள்காட்டி நின்றுகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். சூரிய உதயம் கணக்கிட ஊர் பெயரை ஒரு முறை கொடுத்தால் போதும், நொடிக்கு நொடி இருப்பிடம் தேவையில்லை. லொகேஷனை "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். பேட்டரியில் ரெஸ்ட்ரிக்டட் வையுங்கள். காலையில் வரும் நல்ல நேர நோட்டிபிகேஷன் நின்றுபோகலாம், அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். திறந்து பார்த்தால் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். குறுவீடியோ ஆப்புக்கும் ரெஸ்ட்ரிக்டட்.

மோட்டார் ஆப்பை மட்டும் தொடவே வேண்டாம்.

செல்சர்வீஸ் மதுரை

டேட்டா இல்லாமலே 15 போகிறதென்றால் அந்தப் பங்கு சிக்னலுடையது. டவர் தூரமாக இருந்தால் போன் அதை எட்டுவதற்கு அதிக சக்தி போட்டு அலை அனுப்பும். சிக்னல் விட்டு விட்டு வந்தால் மறுபடி மறுபடி தேடும். கிராமத்துப் போன்களில் இதைப் பார்க்காமல் வெறும் ஆப்களை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் முடியும்.

இரண்டு சிம் போட்டிருக்கிறாரா? ஒன்றுக்கு அங்கே சிக்னலே இல்லையென்றால் அந்த சிம்மை செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள். இல்லாத டவரை அது தேடிக்கொண்டே இருக்கும். 5ஜி போனாக இருந்து, ஊரில் 5ஜி அரைகுறையாக வந்து போனால், நெட்வொர்க் வகையை 4ஜி என்று மாற்றுங்கள். 2ஜிக்கு இறக்கிவிடாதீர்கள், ஜியோ மாதிரி 4ஜியிலேயே அழைப்பும் போகும் சிம் என்றால் பேச்சே நின்றுபோகும். அப்புறம், ராத்திரி போனை எங்கே வைக்கிறார்? இரும்பு பீரோ மேலே வைக்காமல் ஜன்னல் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் சிக்னல் ஒரு கட்டை கூடினாலே வித்தியாசம் தெரியும்.

மழைத்துளி

என் அம்மா சர்க்கரை நோயாளி, போனில் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் இருக்கிறது. சார்ஜ் மிச்சமாகட்டும் என்று எல்லா ஆப்பையும் ரெஸ்ட்ரிக்டட் வைத்துவிடலாமா?

நிரல்வாசி

வேண்டவே வேண்டாம். மாத்திரை நினைவூட்டல், சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஆப், கைக்கடிகாரத்தோடு இணைந்தவை, நீங்கள் அவசரத்துக்கு நம்பும் வாட்ஸ்அப், இவற்றை எல்லாம் குறைந்தது ஆப்டிமைஸ்டில் விடுங்கள். சென்சார் ஆப்பை அதன் கையேடு சொல்கிறபடியே வையுங்கள், பெரும்பாலும் அன்ரெஸ்ட்ரிக்டட் கேட்கும், அது நியாயமான கேட்டல். ஃபோர்ஸ் ஸ்டாப் அழுத்துவதும் ஆபத்து. நீங்களாக மறுபடி திறக்கும்வரை அந்த ஆப் எழாது, அது வைத்திருந்த அலாரமும் அடிக்காது. சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியும் இதனால் நிற்காது, அந்தப் பயம் வேண்டாம்.

போன் நிறுவனத்தைப் பொறுத்து பெயர்கள் மாறும். சாம்சங்கில் ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ், நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்று இருக்கும். அம்மாவின் மாத்திரை ஆப்பைக் கடைசிப் பட்டியலில் போடுங்கள். ஷாவ்மி போனில் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் அந்த ஆப்புக்கு இயக்கிவிட வேண்டும். மாற்றிய பிறகு ஒரு நினைவூட்டலை அரை மணி நேரம் கழித்து வைத்து, போனைத் தொடாமல் விட்டு, அடிக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

ஐபோன்காரர்

ஐபோனில் இதற்கு எங்கே போவது?

நிரல்வாசி

செட்டிங்ஸ், ஜெனரல், பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ். தேவையில்லாததை ஒவ்வொன்றாக அணைக்கலாம். பேட்டரி பக்கத்தில் பின்னணி நேரமும் தெரியும்.

காவிரிக்கரை

எல்லாம் மாற்றியாயிற்று. நாள்காட்டி, குறுவீடியோ ரெஸ்ட்ரிக்டட். இரண்டாவது சிம் அங்கே எடுப்பதே இல்லை, அணைத்துவிட்டேன். 4ஜியில் வைத்தேன். போன் இப்போது திண்ணை ஜன்னலில் இருக்கிறது. ராத்திரியில் 9 சதவீதம் போல்தான் இறங்குகிறது. நேற்று மாலை அப்பா அழைத்தபோது 40க்கு மேல் மிச்சம் இருந்தது. ரொம்ப நன்றி, பேட்டரிக் காசு மிச்சம்.

கடைசியாக ஒன்று. மோட்டார் ஆப்பையும் ஆப்டிமைஸ்டில் வைத்தால் இன்னும் குறையுமா?

செல்சர்வீஸ் மதுரை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஸ்டார்ட்டரில் ஒரு சிம் இருக்கிறதா, கரண்ட் வந்ததும் அதிலிருந்து அழைப்பாக வருகிறதா, இல்லை ஆப் நோட்டிபிகேஷனாக வருகிறதா? அழைப்பாக வந்தால் ஆப்பை ஆப்டிமைஸ்டில் வைக்கலாம், அழைப்புக்கும் ஆப்புக்கும் சம்பந்தம் இல்லை. நோட்டிபிகேஷன் என்றால் பகலில் சோதித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். போனை ஒரு மணி நேரம் சார்ஜர் இல்லாமல் அசையாமல் வைத்துவிட்டு, பக்கத்தில் யாரையாவது மோட்டாரைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். தகவல் உடனே வந்தால் அப்படியே விடலாம். தாமதமாக வந்தால் பழையபடி அன்ரெஸ்ட்ரிக்டட் ஆக்கிவிடுங்கள், ராத்திரிக்கு இரண்டு மூன்று சதவீதம் போனால் போகட்டும்.

காவிரிக்கரை

அழைப்பாகத்தான் வருகிறது அண்ணா, சிம் உள்ள ஸ்டார்ட்டர். ஆப்பை அப்பா மோட்டாரை நிறுத்த மட்டும் திறக்கிறார். அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது ஆப்டிமைஸ்டில் வைத்து, பகலில் நீங்கள் சொன்ன மாதிரி போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.